நான்காம் பக்கத்தில் நான் போட்ட டிக்

நான் பிசியோதெரபிஸ்ட். தொம்மலூரில் ஒரு சின்ன கிளினிக்கில் பதினெட்டு வருடமாக ஆட்களை நடக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நோயாளி கூடவே நடந்துகொண்டு வாய் ஓயாமல் எண்ணுவோம். "ஒண்ணு, ரெண்டு, மூணு, ஆங், முட்டியைத் தூக்கு, இன்னும் ஒண்ணு." வீட்டில் மாடிப்படி ஏறும்போதுகூட எண்ணுகிறேன் என்று என் கணவர் கேலி செய்வார்.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தபோது ஐம்பத்து மூன்று வயது. சிவாஜிநகர் தடத்தில் பஸ் கண்டக்டர். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அவனை வேறு யாரிடமும் நான் விடவில்லை. என் அண்ணனை நான் பார்க்காமல் யார் பார்ப்பது என்ற திமிர். நாலே மாதத்தில் கிளினிக்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடி இல்லாமல் நடந்தான். நான் எண்ணினேன், அவன் நடந்தான்.

எங்கள் படிவத்தில் நான்கு பக்கம். முதல் மூன்றும் கை, கால், முதுகு. நான்காவது பக்கத்தில் ஞாபகம், கவனம், ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்ய முடிகிறதா என்று கட்டங்கள் இருக்கும். மூளை வேறு யாருடைய டிபார்ட்மென்டோ என்று எல்லோருக்கும் 'நார்மல்' என்று டிக் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். அண்ணனுக்கும் அப்படித்தான். என்னை அடையாளம் தெரிகிறது, நான் குண்டாகிவிட்டேன் என்று கிண்டல் செய்கிறான், இதற்கு மேல் என்ன சோதனை?

அண்ணி ஒரு ஐடி ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அவருடைய லீவு முடிந்திருந்தது. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். பதினோரு வருட வேலை. அதை விட அண்ணிக்கு மனசில்லை.

"தனியா விட்டுட்டுப் போலாமா? நிஜமா சொல்லு" என்று கேட்டார்.

"தாராளமா போங்க அண்ணி. நான் கேரண்டி" என்றேன்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் அண்ணன் தயிர் பாக்கெட் வாங்கத் தெருவில் இறங்கினான். எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று, "ஊட்டா ஆய்தா?" என்று கேட்டிருக்கிறார். இந்த ஊரில் முகம் தெரிந்த எவரும் கன்னடத்தில் கேட்கிற கேள்விதான், சாப்பிட்டாச்சா என்று. அண்ணன் திரும்பி, இன்னும் இல்லை என்று பதில் சொன்னான். சொல்லும்போது கால் நின்றுவிட்டது. மறுபடி எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பின்னாலிருந்து ஸ்கூட்டர்காரன் ஹாரன் அடித்ததும் தடுமாறி விழுந்தான். நல்ல கையை ஊன்றினான். அந்த மணிக்கட்டு உடைந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்ததும் சொன்னான்: "பாப்பா, நீ எண்ணல இல்ல, அதான் நின்னுட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மரத்துப்போய், எதிரில் இருந்த தண்ணீர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி பக்கத்தில்தான் இருந்தார், யூனிபார்ம் புடவையோடு. ஆபீசிலிருந்து அப்படியே வந்திருந்தார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஒரு கை வராது, இன்னொரு கை மாவுக்கட்டில். அவனுக்குச் சோறு ஊட்டவே ஆள் வேண்டும். அந்த வாரமே புடவையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஆபீசில் திருப்பிக் கொடுத்து, கணக்கை முடித்துக்கொண்டு வந்தார்.

நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். நான்காம் பக்கத்தை அன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். நடந்துகொண்டே பஸ் ஸ்டாப் பெயர்களைச் சொல்லச் சொன்னேன். சிவாஜிநகரிலிருந்து தொம்மலூர்வரை மளமளவென்று சொன்னான், காலும் நன்றாக நடந்தது. முப்பது வருடம் கத்திய பெயர்கள், யோசிக்கவே வேண்டாம். தலைகீழாகச் சொல்லு என்றேன். இரண்டாவது ஸ்டாப்பிலேயே கால் நின்றது. நான்கு மாதமாக என் கண்முன்னே இருந்த விஷயம். அவன் யோசிக்க வேண்டிய இடத்தையெல்லாம் என் வாய் அடைத்துக்கொண்டிருந்தது.

கட்டு பிரித்தபிறகு ஒரு தட்டையும் கையில் கொடுத்தேன். தட்டைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக ஸ்டாப் சொல்லிக்கொண்டு நடப்பான். நின்றால் நிற்பான். நான் வாயைத் திறப்பதில்லை. எண்ணாமல் இருப்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. வேறு எதுவும் பெரிதாக உறைக்கவில்லை. காலையில் போவேன், செய்வேன், வருவேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு மதியம் அவனைத் தயிர் வாங்கிவர அனுப்பினேன். பத்தடி பின்னால் நான். எதிர்வீட்டு அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். பாவம், பயந்துகொண்டேதான் கேட்டார்: "ஊட்டா ஆய்தா?"

அண்ணன் நின்றான். சுவரைப் பிடித்துக்கொண்டு, "இன்னூ இல்லா, நிம்து?" என்று அவரையும் பதிலுக்குக் கேட்டான். பிறகு அங்கேயே நின்றான். ஒண்ணு என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். பிறகு இடது காலை எடுத்து வைத்தான்.

திரும்பி வரும்போது பாக்கெட்டை ஆட்டிக்கொண்டு வந்தான். நான் வீட்டுக்குள் போய் நான்காம் பக்கத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பினேன். ஒன்றில்கூட சும்மா டிக் போடவில்லை. அடுப்படியில் அண்ணி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, இனிமே அண்ணனை ரெண்டு மூணு மணி நேரம் தனியா விடலாம். நல்லா பார்த்துட்டுத்தான் சொல்றேன். நீங்க வேலைக்குப் போலாம்."

அண்ணி அப்பளத்தைத் திருப்பிப் போட்டார்.

"எந்த வேலைக்கு?" என்று கேட்டார்.