ஆந்தையின் பெயரைச் சொன்னவர்

ஜெபராஜ் இறந்த செய்தி வந்தபோது நான் பேட்டையில் எங்கள் மின்விசிறிப் பட்டறையில் இருந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து அவர் மகள் பேசினாள். "மாமா, அப்பா கர்த்தர்கிட்ட போயிட்டாங்க" என்றாள். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சேர்ந்து தொழில் தொடங்கிய நாள் முதல் அவரோடு சண்டை போடாமல் ஒரு வாரம் கழிந்ததில்லை. இனி யாரிடம் போடுவது?

எங்கள் மின்விசிறி சத்தம் போடாது என்பது அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். ஒருநாள் சாயங்காலம் பட்டறை வாசலில் அவர் தலையை உரசுவதுபோல ஓர் ஆந்தை பறந்து போனது. இறக்கைச் சத்தமே கேட்கவில்லையாம். மறுநாள் வேப்பமரத்தடியில் கிடந்த இறகை எடுத்து வந்து காட்டினார். அதன் ஓரம் சீப்புப் பற்களைப் போலப் பிரிந்திருந்தது. காற்றை மொத்தமாக அறையாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடுகிறது, அதனால்தான் சத்தமில்லை என்றார். அந்தப் பற்களை எங்கள் பிளாஸ்டிக் இறக்கையில் கொண்டுவர இருவரும் படாத பாடு பட்டோம். அச்சிலிருந்து எடுக்கும்போதெல்லாம் முறிந்தன. நுனிகளை மழுக்கிய பிறகுதான் முழுசாக வந்தன.

பெட்டியில் ஆந்தைப் படம் போட்டே தீருவேன் என்றார் மனிதர். புதுவீட்டுக்கு ஆந்தையை யார் கொண்டுபோவார்கள்? கடைக்காரர்கள் பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். மயில் படம் போட்டால் எடுத்துக்கொள்வதாக ஒருவர் சொல்லியனுப்பினார்.

"மயிலு என்னவே செஞ்சுது?" என்று என்மேல் பாய்ந்தார் ஜெபராஜ்.

பட்டறையை மூடும் நிலை வந்தது. வேலை செய்கிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் இறங்கி வந்தார். படமில்லாத வெள்ளைப் பெட்டியில் மின்விசிறிகள் விற்கத் தொடங்கின. ஆனால் சத்தமே இல்லையே என்று யார் பாராட்டினாலும் ஆந்தையின் கதையை நேரிலேயே சொல்லிவிடுவார். பத்தமடையில் ஒருவர், கேட்ட கையோடு மின்விசிறியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாதா என்று கத்தினேன்.

"அது செஞ்ச வேலைக்கு நாம நல்ல பேரு வாங்குதோம். எனக்குக் கூச்சமா இருக்குவே" என்றார், பைய.

அடக்கம் முடிந்த மறுவாரம், பாபநாசத்தில் கல்யாண மண்டபம் கட்டுகிற ஒருவர் மண்டபம் முழுவதற்கும் மின்விசிறி கேட்டு வந்தார். ஓடவிட்டுக் காட்டினேன். இது உங்கள் யோசனையா என்று வியந்தார். கல்யாண மண்டபத்துக்காரரிடம் ஆந்தையைப் பற்றிப் பேசலாமா? ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். வாய் வரவில்லை. முதலில் ஆந்தையைச் சொன்னேன், பிறகு ஜெபராஜைச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

போகட்டும். ஜெபராஜின் கூச்சம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதை நான் விடுவதாக இல்லை.