ருசி பார்க்காத சூப்

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தொண்ணூறுகளின் நடுவில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கடலோரம் இருந்த ஓர் ஓட்டலின் கிச்சனில் வேலை பார்த்தேன். காய் நறுக்குவதில் தொடங்கி அடுப்புக்கு வந்திருந்தேன்.

அந்த வருடம் ஐப்பசியில் ஒரு செய்தி வந்தது. வெளிநாட்டுச் சமையல் பள்ளி ஒன்றும் எங்கள் முதலாளியும் பேசி முடித்திருந்தார்கள். இங்கிருந்து ஓர் இளைஞன் ஒரு வருடம் அங்கே போய் வேலை கற்பான். அங்கிருந்து ஒருவன் இங்கே வருவான். விமானச் செலவு, தங்க இடம், சாப்பாடு எல்லாம் உதவித்தொகையில். திரும்பி வந்தால் பெரிய ஓட்டலில் சமையல்காரனாகச் சேரலாம். படிப்பு கேட்கவில்லை. என்னைப் போன்றவனுக்கு இப்படி ஒன்று இன்னொரு தடவை வராது என்று தெரிந்தது.

என் பயமெல்லாம் பேச்சில்தான். புது ஆளைக் கண்டால் எனக்கு வாய் கட்டிக்கொள்ளும். ஆளைத் தேர்ந்தெடுக்க வரும் வெள்ளைக்காரர் கேள்வி கேட்டால் என்ன செய்வது? கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டேன். அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்க வை என்று வேண்டிக்கொண்டேன்.

மாலை போட்டதும் என் பெயர் போய்விட்டது. கிச்சனில் எல்லோருக்கும் நான் சாமி. வேலை உடுப்புக்குள் மாலை கிடக்கும். மீனைக் கையால் தொடலாம், அது பிழைப்பு. வாயில் வைக்கக் கூடாது. நான் சமைப்பதைப் பக்கத்து அடுப்பில் நிற்கும் என் கூட்டாளிதான் ருசி பார்ப்பான். கோவளத்துக்காரன், கிறிஸ்தவன்.

“நீ மலைக்குப் பூட்டு வர்ற வரிக்கும் என் நாக்கு ஒனக்கு வாடகை சாமி,” என்பான். “உப்பு பத்தல. இன்னா பாத்துகினு கீற, போடு.”

மார்கழியில் அந்தப் பள்ளியின் ஆசிரியர் வந்தார். உயரமான வெள்ளைக்காரர். போகப் பெயர் கொடுத்திருந்த என்னையும் கூட்டாளியையும் மட்டும் நிறுத்திக்கொண்டு, எங்கள் செஃப் உட்பட மற்ற எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு மீனைக் கொடுத்தார். சூப் வைக்க வேண்டும் என்று கையாலேயே காட்டினார்.

மீனை வெட்டி, முள்ளையும் தலையையும் வேகவைத்து வடித்தேன். முடித்ததும் அவர் ஒரு கரண்டியை என்னிடம் நீட்டினார். முதலில் நீ குடி என்று சாடை. வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“நாக்குல வச்சிட்டுத் துப்பிடு சாமி. இன்னா ஆயிடும்?” என்று பக்கத்து அடுப்பிலிருந்து கூட்டாளி மெதுவாகச் சொன்னான்.

சட்டைக்குள்ளிருந்து மாலையை எடுத்துக் காட்டியிருக்கலாம். அது தோன்றவில்லை. கரண்டியைத் துடைத்து மேடைமேல் வைத்தேன். ஆசிரியரே அதை எடுத்துக் குடித்தார்.

சாயங்காலம் செஃப் கூப்பிட்டார்.

“சூப்பு நல்லாதான் கீதாம். ஆனா செஞ்சவனே வாயில வைக்காதத மத்தவனுக்கு எப்டிக் குடுக்கறதுன்னு கேக்கறாரு. மாலை வெசயத்த இப்பதான் சொன்னேன். முன்னயே தெரிஞ்சிருந்தா காய்கறி குடுத்திருப்பேன்றாரு. ஒன் கூட்டாளிக்கே எழுதிக் குடுத்துட்டாராம். வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிகினு இருந்த சாமி?”

நான் சரி என்றேன். அடுப்பைக் கழுவினேன். பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்த் தயிர்சாதம் சாப்பிட்டுப் படுத்தேன். தூக்கமும் வந்தது.

நான் மலைக்குக் கிளம்பும்முன் கூட்டாளி வந்தான். “என் பிளேனு வுழாம இருக்கணும்னு சொல்லு சாமி.”

“ஒங்க மாதா கோயில்ல சொல்றதுதானே.”

“அங்கயும் சொல்லிட்டேன். ரெண்டு எடத்துலயும் சொல்லி வைப்போமே.”

பதினெட்டுப் படி ஏறி நடைமுன் நின்றபோது என்ன கேட்பதென்று தெரியவில்லை. கேட்க வந்த காரியம் ஏற்கெனவே முடிந்திருந்தது. பிளேன் விழக்கூடாது என்று மட்டும் சொன்னேன். காவலர் முதுகில் கைவைத்துத் தள்ளினார். நகர்ந்தேன்.

ஊருக்கு வந்து மாலையைக் கழற்றினேன். பழைய பெயர் திரும்பி வந்தது. கூட்டாளி தை மாதம் விமானம் ஏறினான்.

சித்திரையில் அங்கிருந்து அந்த இளைஞன் வந்தான். கிச்சன் வாசலில் பையோடு நின்று, “சாமி? சாமி?” என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எது வேண்டுமானாலும் சாமியைக் கேள் என்று கூட்டாளி அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறான். அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். “மாலைய கழட்டி எம்மா நாளாவுது, இன்னும் இன்னா சாமி!” என்றார் செஃப்.

நான் கையைத் தூக்கினேன்.

அவனை என் அடுப்பிலேயே விட்டார்கள். இருந்தவரைக்கும் அவனுக்கு நான் சாமிதான். எதைச் செய்தாலும் முதலில் அவன் ஒரு வாய் குடிப்பான், பிறகு புதுக் கரண்டி எடுத்து என் பக்கம் நீட்டுவான். வாங்கி நாக்கில் வைப்பேன். உப்பு, புளிப்பு, மீன் எல்லாம் தெரியும். வேறொன்றும் தோன்றாது. கூட்டாளியைப் போல “பத்தல” என்பேன். அந்த ஒரு சொல்லை அவன் சீக்கிரமே கற்றுக்கொண்டான்.