சாதா டிஸ்க் மட்டும்

ஏட்டையா அன்று கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த துண்டுச் சீட்டை எடுத்து கவுன்டரின் மேல் வைத்து, "நீயே படிச்சுக்கோ தாயி, எனக்கு எழுத்து தெரியல" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் மெக்கானிக் ஒருவரின் கோணல் கையெழுத்து. காரின் பெயருக்குக் கீழே, "முன் பிரேக் டிஸ்க் ஒரு செட். சாதா டிஸ்க் மட்டும். ஓட்டை போட்டது வேண்டாம். மலையில் ஓடும் வண்டி" என்று எழுதியிருந்தது. ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். சத்தமாகப் படிக்கவில்லை.

ராஜபாளையத்தில் கார் உதிரிபாகக் கடையில் நான் கவுன்டருக்கு வந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. பெண்பிள்ளைக்கு வண்டிச் சாமான் என்ன தெரியும் என்று கேட்டவர்கள்கூட நாளடைவில் என்னைக் கேட்டு வாங்கிப்போக ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஏட்டையா வன்னியம்பட்டிக்காரர். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். ஊர் சுற்ற அல்ல. அவர் மனைவிக்கு மார்பில் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை செங்கோட்டை மலையைத் தாண்டி திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடியிருக்கிறது. ஏற்கெனவே லேத்தில் கடைந்து மெலிந்துபோன டிஸ்க்கை இனி மாற்றத்தான் வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார்.

அந்த வண்டிக்குச் சாதா டிஸ்க் கடையில் இல்லை. மதுரையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். ஏட்டையாவுக்கு மறுநாள் விடிந்ததும் கிளம்பியாக வேண்டும். மாதக்கணக்கில் விற்காமல் கிடந்த ஓட்டை போட்ட செட் ஒன்று அலமாரியில் இருந்தது. பார்க்க மினுமினுப்பாக இருக்கும். சூடும் சீக்கிரம் ஆறும். ஆனால் மட்டமான வார்ப்பாக இருந்தால், நீண்ட இறக்கத்தில் சூடேறி ஓட்டைக்கு ஓட்டை கீறல் விடும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், "சாதாவை விட இது ஒசத்தி அய்யா" என்று அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினேன். "நீ சொன்னா சரிதான்" என்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனார். மெக்கானிக் முணுமுணுத்தாராம். மறுநாள் ஆஸ்பத்திரி என்பதால் மாட்டிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு பயணம் நன்றாகத்தான் போயின. மூன்றாவது முறை, ஆரியங்காவு தாண்டிய இறக்கத்தில், முன்சக்கரத்தில் பட்டென்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் மலைப்பக்கத்து ஓடையில் இடித்து நின்றது. எதிர்ப்பக்கம் இழுத்திருந்தால் பள்ளம். அந்த அம்மாவுக்கு நெற்றியில் காயம், தோளில் அடி.

பத்து நாள் கழித்து ஏட்டையா வெடித்த டிஸ்க்கைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"மெக்கானிக் சாமானத்தான் கொற சொல்றாரு. இது சாமான் கோளாறா தாயி, இல்ல நாந்தான் பிரேக்க மிதிச்சுக்கிட்டே எறங்கிட்டேனா? உள்ளத சொல்லு."

கீறல் மூன்று ஓட்டைகளைக் கோத்துக்கொண்டு ஓடியிருந்தது. பின்னால் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவர் இல்லாவிட்டாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

"எறக்கத்துல கியரக் கொறச்சுத்தான் எறங்கணும் அய்யா. பிரேக்கையே மிதிச்சா எந்த டிஸ்க்கும் தாங்காது."

அவர் "அப்ப எம் பெழதான்" என்றார். டிஸ்க்கை மறுபடி அதே தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு அவர் கடைக்கு வரவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து, வேறு சாமானுக்காக வந்த அந்த மெக்கானிக்தான் சொன்னார், அந்த அம்மா தவறிவிட்டார் என்று. இரண்டு நடை பஸ்ஸில் போனார்களாம். மருந்து ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் வாந்தியோடு திரும்பியது தாங்காமல், மூன்றாவது முறை போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். நான் கையில் இருந்த பில் புத்தகத்தை மூடிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் பின்பக்கம் போய் நின்றேன்.

இன்றும் அதே கவுன்டரில்தான் நிற்கிறேன். டிஸ்க் கேட்டு வருகிறவர்களிடம் வண்டி எந்தப் பாதையில் ஓடும் என்று கேட்காமல் கொடுப்பதில்லை. அதனால் என்னைக் கெட்டிக்காரி என்கிறார்கள்.

அந்தச் செய்தியைக் கேட்டபின் வன்னியம்பட்டிக்குப் போக எனக்கு மேலும் ஒரு வருடம் ஆனது. கார் வேப்பமரத்தடியில் தூசி மூடிக் கிடந்தது. ஏட்டையா மெலிந்திருந்தார். உட்காரச் சொன்னார். உட்காராமலே சொன்னேன். சீட்டில் என்ன எழுதியிருந்தது, நான் என்ன கொடுத்தேன், டிஸ்க்கோடு வந்தபோது என்ன பொய் சொன்னேன், எல்லாவற்றையும்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சாமான் வெடிச்சது கூட போகட்டும் தாயி" என்றார். "நா அன்னைக்கு வீட்டுக்கு வந்து, எம் பெழதான், நாந்தான் சரியா ஓட்டலன்னு அவகிட்ட சொன்னேன். அதுக்குப் பொறவு நா ஓட்டுற வண்டியில ஏறவே மாட்டேன்னுட்டா. பஸ்ஸும் தாங்காமப் போனப்ப, வேற ஆளு வச்சி ஓட்டச் சொல்றேன்னேன். ஊரான் வண்டி ஓட்ட, நா வாந்தி எடுத்துக்கிட்டு வரணுமான்னா. எம்புட்டோ கெஞ்சுனேன்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டிஸ்க்குதான் சரியில்லன்னு நீ அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஏறியிருப்பா."

வெயில் இறங்கியதும், "பஸ்ஸு வார நேரம்" என்று எழுந்தார். நிறுத்தம் வரை எனக்கு முன்னால் நடந்து வந்தார். பஸ் வரும்வரை சாலையைப் பார்த்தபடி கொஞ்சம் தள்ளி நின்றார். நான் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தபோது, அவர் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தார்.