ஏரிக்கு நாள் பார்த்த அப்பா

போன மாசித் தேய்பிறையில் எங்களை விட்டுப் பிரிந்த அப்பாவுக்கு, அதே திதியில் முதலாம் ஆண்டு வழிபாடு செய்கிறோம். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள் பலர் அப்பாவைக் கல்யாண வீடுகளில் ஓரமாக நிற்பவராகத்தான் பார்த்திருப்பீர்கள். அதிகம் பேசமாட்டார். ஒரே மகளான என்னை அவரைப் பற்றி எழுதச் சொன்னபோது தயங்கினேன். இதில் வரும் சில விஷயங்கள் நம் குடும்பத்துக்குள் காதோடு காதாக மட்டும் பேசப்பட்டவை. எழுதியதைச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். “நடந்ததுதான ஆத்தா, போடு” என்று அவர் சொன்ன பிறகுதான் அச்சுக்குக் கொடுத்தேன்.

அப்பா பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில். சிறுவனாக இருந்தபோதே தாத்தா குடும்பத்தோடு கப்பலேறி இந்தியா வந்துவிட்டார். வந்த புதிதில் மண்டபம் முகாமில் சில மாதங்கள் இருந்தார்கள். அப்பாவும் சித்தப்பாவும் பகலெல்லாம் கடற்கரையில்தான் கிடந்திருக்கிறார்கள். கடல் வற்றும் நேரத்தில் அங்கே யாரும் தூண்டில் போடமாட்டார்களாம். தண்ணீர் திரும்பி ஏறத் தொடங்கும்போது மீன் பிடிக்கிறவர்கள் எங்கிருந்தோ வந்து வரிசையாக உட்காருவார்களாம். பிறை வளர்வதையும் தேய்வதையும் வைத்து, நாளைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும் என்று அவர்கள் சொல்வதை அப்பா வாய் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அங்கிருந்து தாத்தாவுக்குப் பெரும்பாறையில் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை கிடைத்தது. கடல் அதோடு முடிந்தது. அந்தக் கணக்கு மட்டும் அப்பாவோடு மலையேறி வந்துவிட்டது.

தோட்ட வேலை அப்பாவுக்கு ஒத்துவரவில்லை. இளவயதிலேயே கொடைக்கானலுக்குப் போய் ஒரு பேக்கரியில் சேர்ந்தார். கடைசிவரை அந்த அடுப்படிதான். ரொட்டி இறக்கிவிட்டு விடிகிற நேரத்தில் வீட்டுக்கு வருவார். சட்டையில் எப்போதும் ஈஸ்ட் வாசனை இருக்கும். சித்தப்பா ஜீப் ஓட்டினார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருந்த வீட்டிலிருந்து அம்மா வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, சித்தப்பாவுக்கு மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஜீப் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவார்.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பைத்தியம், மீன் பிடிப்பது. பூம்பாறையைத் தாண்டி மேல்மலையில் ஓர் ஏரி இருக்கிறது. சுற்றிலும் பூண்டு வயலும் புல்மேடும். அதில் கெண்டை உண்டு. போவதற்கு அப்பா நாள் குறிப்பது ஜாதகம் பார்ப்பதுபோல நடக்கும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மீன் ராத்திரி முழுக்க வெளிச்சத்தில் மேய்ந்துவிட்டு, விடிந்ததும் வயிறு நிறைந்து கிடக்கும் என்பார். அமாவாசை கழிந்து பிறை கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் நாட்கள்தான் அவர் நாட்கள். அதிலும் காற்று பார்க்க வேண்டும். ஆடியில் மேல்காற்று தூண்டில் தக்கையை ஓர் இடத்தில் நிற்கவிடாது. மார்கழியில் புல்லெல்லாம் பனி உறைந்து கிடக்கும். மீன் ஆழத்துக்குப் போய்விடும். வெயில் ஏறிய பிறகு போனால் போதும். சித்திரையில் முதல் கோடை மழை பெய்த மறுநாள்தான் திருவிழா. ஓடை கலங்கி ஏரிக்குள் இறங்கும் இடத்துக்குப் புழுவைத் தேடிக் கெண்டை வரும். அந்த நாளுக்கு விடுமுறை கிடைக்கும்படி, பேக்கரியில் கூட வேலை செய்கிறவர்களோடு அப்பா வாரக்கணக்கில் முறை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார். பேக்கரி மாவில் ஓர் உருண்டை தூண்டிலுக்கென்று தனியாக வரும்.

இதற்கெல்லாம் மேலே, மண்டபத்துக் கணக்கு. இந்நேரம் அங்கே கடல் ஏறும், இப்போதுதான் மீன் கடிக்கும் என்பார்.

“ஏரிக்கு ஏதுண்ணே ஏத்தமும் வத்தமும்?” என்று சித்தப்பா சிரிப்பார்.

“தண்ணிக்கு இல்லப்பா. மீனுக்குத் தெரியும்.”

“மீனு ஒங்ககிட்ட சொல்லுச்சாக்கும்.”

சிரித்தாலும், அப்பா சொன்ன நேரத்தில் சித்தப்பா தூண்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு தயாராக இருப்பார். மலைக்காரர்களும் அப்பாவிடம் வந்து வானிலை கேட்பதுண்டு. நாளைக்கு மழை வருமா, கேரட் பிடுங்கலாமா என்று கேட்பார்கள். அப்பா வாசலில் நின்று வானத்தையும் மரத்தின் உச்சியையும் பார்த்துவிட்டுச் சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

நான் மதுரையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஓர் ஐப்பசியில் மலையில் மழை விடாமல் பெய்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து, மூச்சு வாங்கத் தொடங்கியது. நான் அங்கே இல்லை. பின்னால் அப்பாவும் சித்தப்பாவும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். பார்த்த டாக்டர் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். வத்தலக்குண்டு சாலையில் மண் சரிந்து வண்டிகள் நின்றுவிட்டன. அப்போது அடுக்கம் பாதை பாதி மண்ணும் பாதி கல்லுமாகக் கிடந்தது. ஜீப் மட்டும் இறங்கும். பொழுது சாயும் நேரத்தில் சித்தப்பா ஜீப்பை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“அடுக்கம் வழியா பெரியகுளம் எறக்கிருவோம்ணே. மதினியத் தூக்குங்க.”

அப்பா வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். “காத்து திரும்பிருச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல விட்டுரும். இந்த மழையில அந்தப் பாதையில போனா வண்டியே தங்காது. வெள்ளனே கெளம்புவோம்.”

“மதினி மூச்சப் பாத்தீங்களா?”

“பாத்தேன். காலையில போவோம்.”

மழை விடவில்லை. விடிவதற்குள் அம்மா போய்விட்டார்.

அன்று அடுக்கம் பாதையிலும் ஓரிடத்தில் மண் சரிந்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். கிளம்பியிருந்தால் அதற்கு முன்பே கடந்திருப்பார்களா, அதில் சிக்கியிருப்பார்களா, யாருக்கும் தெரியாது. அப்பா அந்தச் சரிவைத் தன் பக்கத்துக்கு ஒரு நியாயமாக எந்த நாளும் யாரிடமும் சொன்னதில்லை. அதை நான் கேள்விப்பட்டதே வேறு ஒரு டிரைவர் சொல்லித்தான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் இடுகாட்டிலிருந்து திரும்பும்போது, சித்தப்பா அப்பாவின் முன்னால் வந்து நின்றார். “மீனுக்குப் பாக்குற மாதிரியே மதினிக்கும் மேகம் பாத்துக்கிட்டு இருந்தீங்களேண்ணே” என்றார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. சித்தப்பா பூம்பாறையில் ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு யார் வந்து மழை வருமா என்று கேட்டாலும் அப்பா “தெரியலங்க” என்றுதான் சொன்னார். கேட்பவர்களும் மெல்லக் குறைந்து, இல்லாமலே போனார்கள். எனக்குக் கல்யாணமாகித் திண்டுக்கல்லில் குடியேறினேன். எங்களோடு வந்து இருக்கச் சொல்லி எத்தனையோ முறை கூப்பிட்டோம். நான்கு நாட்கள் இருப்பார். வெக்கை தாங்கவில்லை என்று கிளம்பிவிடுவார். தானே சமைத்து, தானே சாப்பிட்டு, ரேடியோவை மெதுவாக வைத்துக்கொண்டு அந்த வீட்டில் தனியாக இருந்தார். நான் போனில் “என்னப்பா செய்றீங்க?” என்று கேட்டால், “சும்மாதான் இருக்கேன்” என்பார். பின்னால் மழைச் சத்தம் கேட்கும்.

ஏரிக்குப் போவதை மட்டும் விடவில்லை. சித்தப்பாவும் விடவில்லை. இருவரும் ஒரே கணக்கைப் பழகியவர்கள். பிறையும் காற்றும் பருவமும் கூடி வரும் நாள் இருவருக்கும் ஒரே நாளாகத்தான் வரும். அப்பா முதல் பஸ்ஸில் போய் இறங்கி மேற்குக் கரையில் உட்காருவார். கொஞ்ச நேரத்தில் கிழக்குக் கரையில் ஜீப் வந்து நிற்கும். நடுவில் ஏரி. இப்படி எத்தனையோ வருடங்கள் போயின.

ஒருமுறை நான் அப்பாவோடு போயிருந்தேன். மூடுபனி ஏரியின் மேல் படுத்திருந்தது. அது விலக விலக, எதிர்க்கரையில் சித்தப்பா பழைய காக்கி ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நான் கையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். அப்பா தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, “அந்தக் கரையில காத்து நேரா மூஞ்சில அடிக்கும். அவனுக்குக் காது வலி வரும்” என்றார்.

“வேற நாள் பாத்து வரலாம்லப்பா?” என்று கேட்டேன்.

“நல்ல நாள எதுக்கு விடணும்?” என்றார்.

அதற்குப் பிறகு ஒரு புரட்டாசியில் காய்ச்சலோடும் போயிருக்கிறார். தூண்டில்கூடப் போடாமல் கரையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்தாராம். அதைச் சொன்னவர் ஏரியோரத்தில் பூண்டு பயிரிடும் ஒரு விவசாயி. அன்று எதிர்க்கரையில் சித்தப்பாவும் மதியம் வரை போகாமல், அப்பா எழுந்து நடக்கும்வரை இருந்தாராம்.

மூன்று வருடங்களுக்கு முன் சித்திரையில் நல்ல கோடை மழை. மறுநாள் அப்பா போனபோது கிழக்குக் கரையில் யாரும் இல்லை. அடுத்த அமாவாசை கழிந்தும் யாரும் வரவில்லை. அன்று அப்பா தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு, ஏரியைச் சுற்றிக் கிழக்குக் கரைக்கு நடந்து போயிருக்கிறார். சித்தப்பா உட்காரும் இடத்தில் புல் வளர்ந்து மூடியிருந்தது. திரும்பும் வழியில் அந்தப் பூண்டுக்காரரிடம் கேட்டார்.

“ஒங்க தம்பிக்கு வலது கை விழுந்துருச்சே. ஒங்களுக்குத் தெரியாதா?” என்றார் அவர்.

அப்பா அங்கிருந்து நேராகப் பூம்பாறை போனார். சித்தப்பா தங்கியிருந்த அறையின் கதவு திறந்திருந்தது. பக்கவாதம் வந்து, பேச்சு ஓரளவு தேறி, கை மட்டும் வராமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டில் கொடுத்த கஞ்சி மூடி வைத்தபடியே இருந்தது. இனி நடந்தது சித்தப்பா எனக்குச் சொன்னது.

அப்பா உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. கஞ்சியை எடுத்துச் சுடவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். சித்தப்பா இடது கையால் குடித்து முடிக்கும்வரை பாத்திரத்தின் அடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, “புதன்கிழமை காத்து இருக்காதுன்னு நெனக்கிறேன். வர்றியா?” என்றார்.

சித்தப்பா இடது கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “மழை வருமா?” என்று கேட்டார்.

“தெரியல. வந்தா நனைவோம்.”

புதன்கிழமை இருவரும் மேற்குக் கரையில் உட்கார்ந்தார்கள். அப்பாவே இரண்டு தூண்டிலையும் வீசி, ஒன்றைச் சித்தப்பாவின் இடது கையில் கொடுத்தார். மழை வரத்தான் செய்தது. ஒரு பிளாஸ்டிக் தாளை இருவர் தலைக்கும் மேலே பிடித்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா, “அன்னைக்கு நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாதுண்ணே” என்றார்.

“நீ சொன்னது சரியா தப்பான்னு எனக்கே இன்னும் தெரியலப்பா. தக்கையப் பாரு.”

அந்த வாரமே அப்பா அவரை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். சித்தப்பா முதலில் மறுத்தாராம். “கட்டில் ஒண்ணு சும்மா கெடக்கு. நீ வரலன்னா எனக்கும் அங்க சோலி இல்ல” என்று அப்பா சொன்னதும் கிளம்பியிருக்கிறார். அதன் பிறகு நான் போன் செய்தால் பின்னால் இருவரும் பேசிக்கொள்வது கேட்கும். பெரும்பாலும் உப்பு கூடிவிட்டது, ரேடியோ சத்தம் போதவில்லை என்ற மாதிரிப் பேச்சுதான். எனக்கு அது போதும் என்றிருந்தது. ஆனால் இருவரும் அம்மாவைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. சாப்பிட உட்காரும்போது ஒருவருக்கொருவர் பரிமாறிவிட்டு, சற்று நேரம் யாரோ வரவேண்டும் என்பதுபோல இலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

போன வருடம் தையில் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. வருடக்கணக்கில் அடுப்புப் புகையைச் சுவாசித்த நுரையீரல் என்றார் டாக்டர். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று ஒரு தடவை கேட்டார். சித்தப்பா பக்கத்திலேயே நாற்காலியில் இருந்தார். கடைசி நாட்களில் பேச்சு குறைந்து, சித்தப்பா எழுந்து போனால் மட்டும் கண் தேடும். மாசியில் ஒரு காலையில், சித்தப்பா இடது கையால் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடங்கிவிட்டார்.

அப்பா யாரிடமும் உரத்துப் பேசியதில்லை. தன் மேல் விழுந்த ஒரு சொல்லை மறுக்கவும் இல்லை, சொன்னவரை வெறுக்கவும் இல்லை. அதைச் சுமந்துகொண்டு அத்தனை வருடங்கள் தனியாக இருந்தார்.

அப்பாவை இரவு பகலாகக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஊர்தி ஏற்பாடு செய்து மலைக்குக் கொண்டுவந்த பேக்கரி நண்பர்களுக்கும், பெரும்பாறையிலிருந்தும் ஆயக்குடியிலிருந்தும் வந்து தோள் கொடுத்த சொந்தங்களுக்கும், சித்தப்பா படுத்திருந்தபோது கஞ்சி கொடுத்த பூம்பாறை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சித்தப்பா இப்போது அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். எங்களோடு கீழே வர மறுத்துவிட்டார். சீசனுக்கு உங்களில் எத்தனையோ பேர் கொடைக்கானல் வருகிறீர்கள். வரும்போது அந்தத் தெருவுக்குள் ஒரு முறை திரும்புங்கள். போனில் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, கதவைத் தட்டினால் போதும். அவர் ஒற்றைக் கையால் தேத்தண்ணி போட்டுத் தர நேரமாகும். அவசரப்படாமல் உட்கார்ந்திருங்கள்.