நெல்சியின் காரும் தம்பியின் கயிறும்

லாஜெஸ் ஊரில் ஒழுங்காக வண்டி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் நெல்சியிடம் திட்டு வாங்கியவராகத்தான் இருப்பார். ஓட்டுநர் பள்ளியின் சின்னக் காரில், பக்கத்து இருக்கையில், காலடியில் ஒரு பிரேக்கோடு அவள் வாழ்க்கையில் பாதி போய்விட்டது. ஸ்டியரிங் எப்போதும் அடுத்தவர் கையில். ஐம்பது வயது தாண்டி, பல் டாக்டர் ஒருவர் விலைக்குப் போட்டிருந்த பழைய ஜெர்மன் காரைப் பார்த்தாள். இரண்டே கதவு, நீள மூக்கு, தோல் இருக்கை, திராட்சை மதுவின் நிறம். ஊரில் யாரையும் யோசனை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்கியிருக்க மாட்டாள்.

அவள் குடியிருந்த மாடி வீட்டில் கார் நிறுத்த இடமில்லை. தம்பி வால்டிர் வீட்டில் கொட்டகை இருந்தது.

"இது கார் இல்லக்கா, வாய். தீனி போட்டுட்டே இருக்கணும்" என்றான் வால்டிர்.

"உங்கிட்ட சோறு கேக்கலடா. இடம்தான் கேக்குறேன்."

"தர்றேன். ஆனா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இதைக் கயிறு கட்டி இழுக்கற மாதிரி ஆச்சுன்னா, அன்னைக்கே வித்துடணும்."

"சரி."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மறுநாளே புதிதாய் ஒரு நீலக் கயிறு வாங்கிக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டான். அவள் வண்டியை வெளியே எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும்படி மாட்டினான். தம்பி என்றால் இப்படித்தான்.

அந்தக் கார் அவளைப் படாதபாடு படுத்தியது. கண்ணாடி இறங்கினால் ஏறாது, ஏறினால் இறங்காது. ஒரு உதிரிப் பாகத்துக்காக சாவோ பாவ்லோவின் காயலான் கடைகளுக்கெல்லாம் போன் போடுவாள். மெக்கானிக் ஒட்டோமார், "விட்டுடுங்க டீச்சர்" என்று கைவிரித்த வேலையைச் சாயங்காலம் வண்டிக்கு அடியில் படுத்துத் தானே முடிப்பாள். ஒருமுறை மலைச்சாலையில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. கோபத்தில் அவளுக்கு அழுகையே வந்தது. அழுது முடித்து, என்ஜின் ஆறும்வரை காத்திருந்து, சிமர்ரான் என்ற மூலிகைத் தேநீர் குடிக்க பிளாஸ்கில் வைத்திருந்த வெந்நீரை ஊற்றி வண்டியை வீடு கொண்டுவந்து சேர்த்தாள். கயிறு ஆணியிலேயே தொங்கியது.

மே மாதம், அங்கே குளிர் தொடங்கும் மாதம், கல்யாண மாதமும்கூட. வால்டிரின் மகள் ஜோசியானே, அத்தையின் காரில்தான் சர்ச்சுக்குப் போவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதே இல்லை. முதல் நாள் வால்டிர் பெரிய மனது பண்ணி வண்டியைக் கழுவி, காலியாக இருந்த டேங்கையும் நிரப்பிவைத்தான்.

காலையில் புல்லெல்லாம் உறைபனி. கல்யாணக் கவுன் பாதி கதவுக்கு வெளியே நிற்க, அதை அமுக்கி மடக்கி மணப்பெண்ணை உள்ளே ஏற்றினார்கள். நெல்சி ஓட்ட, வண்டி கிளம்பியது. கல்லறைத் தோட்டத்து மேட்டில் இருமியது, குலுங்கியது, நின்றது. பின்னாலேயே தன் காரில் வந்த வால்டிர் இறங்கினான். கையில் நீலக் கயிறு. ஞாபகமாகக் கொண்டுவந்திருக்கிறான்.

நெல்சி புதுக் கவுனோடு குனிந்து புகைக்குழாயை மோந்து பார்த்தாள். கரும்பு வாசனை.

"நேத்து என்னடா ஊத்துன?"

வால்டிர் கயிற்றைப் பார்த்தான். "ஆல்கஹால். அதுதான் மலிவா இருந்துச்சு."

அந்த நாட்டில் இன்றைய கார்கள் பெட்ரோலும் குடிக்கும், கரும்புச் சாராயமும் குடிக்கும். பெட்ரோல் பங்கில் பையன் கேட்டால் அன்றைக்கு எது மலிவோ அதைச் சொல்வது எல்லோருக்கும் வாய்ப்பழக்கம்.

"உன் வண்டி எதையும் குடிக்கும். இந்தக் கிழவிக்குப் பெட்ரோல் மட்டும்தான்டா இறங்கும்."

"நேரமாச்சுக்கா. இழுத்துட்டுப் போயிடலாம். தப்பு என்னுது, இதைக் கணக்குல வைக்க வேணாம்."

"கயிறு கட்டினா கட்டினதுதான். கட்டக் கூடாது."

உள்ளேயிருந்து ஜோசியானே தலையை நீட்டினாள். "அத்தை, நீங்க நிதானமா பாருங்க. பொண்ணு சொன்ன நேரத்துக்குப் போய் நின்னா, கல்யாணத்துக்குப் பறக்குறாளேன்னு பேசுவாங்க."

கல்லறை வாசல் பூக்காரர் தன் வாளிகளைக் கவிழ்த்துக் கொடுத்துவிட்டு, கேனோடு மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் வாங்கப் பறந்தார். நெல்சி டிக்கியிலிருந்து ரப்பர் குழாயை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள்.

"நீதானே ஊத்துன. நீயே உறிஞ்சு."

கோட்டும் சூட்டுமாக ரோட்டில் மண்டிபோட்டு அவன் உறிஞ்சினான். முதல் வாய் தொண்டைக்குள்ளேயே போய்விட்டது, அடுத்தது சட்டையில் வழிந்தது. வாளிகள் நிறைந்தன. பெட்ரோல் வந்தது. நெல்சி சாவியைத் திருப்பினாள், விட்டாள், மறுபடி திருப்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, திட்டாமல், அவசரப்படாமல், மறுபடியும். வண்டி செருமிக்கொண்டு உயிர் பிடித்தது.

சர்ச்சில் மகளின் கையைப் பிடித்து வால்டிர் நடக்க நடக்க, இரு பக்கமும் மூக்குகள் திரும்பின. அவன் மனைவி மார்லீஸ் முகம் சிவந்துவிட்டது. பாதிரியார் குனிந்து கேட்டார்.

"வால்டிர், காலங்காத்தாலயேவா?"

எதிரே மைக் இருந்ததை இருவருமே மறந்துவிட்டார்கள். வால்டிருக்கு வேறு வழியில்லை. குடிகாரனாக நிற்க வேண்டும், இல்லையென்றால் தோற்றவனாக நிற்க வேண்டும்.

"குடிக்கல ஃபாதர். எங்கக்கா கார்ல நான் தப்பா ஊத்துனதை நானே உறிஞ்சி எடுத்தேன். அந்தக் கார் மேல ஒரு தப்பும் இல்ல."

சர்ச்சே சிரித்தது. கடைசி பெஞ்சில், விரலில் கிரீஸ் கறையோடு உட்கார்ந்திருந்த நெல்சிக்கு மட்டும் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கடைசி வரியை அவன் வாயால் கேட்க அவள் எத்தனையோ நாள் ஏங்கியிருந்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது வால்டிர் அவள் காருக்குப் பின்னால் குந்தியிருந்தான். புதுமணத் தம்பதி வண்டியில் தகர டப்பாக்கள் கட்டித் தெருவெல்லாம் கடகடவென்று இழுத்துப் போவது வழக்கம். டப்பாக்களை நீலக் கயிற்றில் கோத்து, பின் பம்பரில் இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு அவன் எழுந்தான்.

"கயிறு கட்டியாச்சுக்கா."

நெல்சி முடிச்சை இழுத்துப் பார்த்தாள். பிறகு ஸ்டியரிங்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.