கர்த்தர் அனுப்பின அரிசி

வேதாகமக் கல்லூரி மளிகைக்கடை சுவக்கீனுக்கு நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் தரவேண்டியிருந்தது. அரிசி, பருப்பு, எண்ணெய் என்று ஐந்து மாதப் பாக்கி.

சுவக்கீன் படித்தது மூணாங்கிளாஸ். ஏலக்காய்த் தோட்டத்தில் மூட்டை சுமந்த தோளோடு கம்பம்மெட்டு மலையில் சொந்தக் கடை வைத்தார், சொந்த ஜீப்பு வாங்கினார். எந்த பேங்க்காரன் வாசலிலும் போய் நின்றதில்லை. அந்த மெட்டில் இப்படி எழுந்து வந்த இன்னொருத்தன் இருந்தால் காட்டுங்கள் பார்ப்போம்.

கல்லூரி என்றால் தகரக்கூரை போட்ட நாலு அறை. பின்னால் எந்தச் சபையும் கிடையாது. பல சபைப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் அங்கே தங்கி ஊழியத்துக்குப் படித்தார்கள். சுவக்கீன் கத்தோலிக்கர்; இருந்தாலும் கடனுக்கு மூட்டை இறக்கினார். பாக்கி கேட்டால் பிரின்சிபால் மத்தியாஸ் பாஸ்டர், "விசுவாசத்துல ஓடுற ஸ்தாபனம் அண்ணாச்சி" என்று சிரிப்பார்.

சுவக்கீனுக்குக் கடனில் சரக்கு தரும் கம்பத்து மண்டிக்காரர் சிரிக்கவில்லை. "பழைய பாக்கி வராம இனி ஒரு மூட்டை மெட்டு ஏறாது" என்று வாட்ஸாப்பில் பேசி அனுப்பிவிட்டார். கடையில் சாக்குகள் அடிதட்டிக் கிடந்தன. இன்னும் ஒரு வாரம் போனால் ஷட்டரை இழுக்க வேண்டியதுதான்.

"என்கிட்ட வாய் கிழியப் பேசுவீகளே, அங்க போய்ப் பேசுங்க" என்றாள் மனைவி ஞானஜோதி.

போனார். அங்கே, கர்த்தர் தனக்குச் செய்ததை ஒவ்வொருவரும் எழுந்து சொல்லும் சாட்சிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கடைசி வருஷத்து மாணவன் ஜிபின் கண்கலங்கச் சொன்னான்: "அடுப்படியில ஒரு மணி அரிசி இல்ல. முழங்கால் போட்டு ஜெபிச்சோம். வாசல்ல வண்டிச் சத்தம். கர்த்தர் அரிசி அனுப்பிட்டார்!"

அல்லேலூயா கூரையைத் தட்டியது. சுவக்கீனுக்குக் காது சுட்டது. ஏற்றத்தில் டயர் வழுக்கி, கொட்டுகிற மழையில் மூட்டைகளை அவரே தோளில் சுமந்த நாள் அது. எழுந்துவிட்டார்.

"எனக்கும் ஒரு சாட்சி இருக்கு. கர்த்தர் அனுப்பினது நெசந்தான் தம்பி. ஆனா ஜீப்பு என்னுது, டீசல் என்னுது. அரிசிக்குத்தான் இன்னும் யாரும் காசு கட்டல."

யாரோ ஒருவன் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினான். ஜிபின் முகம் செத்துப்போனது. பாஸ்டர் பக்கம் திரும்பினான். "கடன்னு எங்ககிட்ட சொல்லவே இல்லையே ஐயா?"



மறுநாளிலிருந்து வகுப்பு இல்லை. கடனை அடைக்கப் பன்னிரண்டு பேரும் ஏலக்காய் எடுக்கக் கூலிக்குப் போனார்கள். "பிரசங்கியாரே, பக்கம் புரட்டாம காயை எடும்!" என்று தோட்டத்துப் பெண்கள் கேலி பேசினார்கள். இரண்டு பையன்கள் பாதியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே போய்விட்டதாகக் கடைக்குச் செய்தி வந்தது.

அன்றைக்குச் சுவக்கீனுக்குச் சோறு இறங்கவில்லை.

"உங்க காசத்தான கேட்டீக?" என்றாள் ஞானஜோதி.

"காசத்தான் கேட்டேன். அந்தப் பய முகம் அப்படிப் போவும்னு நெனைக்கலட்டி."

கூலி வாங்கிய சனிக்கிழமை ஜிபின் வந்தான். சுவக்கீன் பழைய மிடுக்கை வரவழைத்துக்கொண்டார். "என்ன தம்பி, ஜெபிச்சு வந்த காசா?"

"கூலி, ஐயா. கையை நீட்டுங்க."

பாதியை வைத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தார். முதுகுக்குப் பின்னால் காலிச் சாக்குகள். வாயை மூடிக்கொண்டு கையை விரித்தார். ஏலக்காய்க் கறை ஏறிக் கறுத்த விரல்களால் ஜிபின் ஒவ்வொரு நோட்டாக எண்ணி, அந்தக் கையில் வைத்தான்.