கடலில் மண் உறிஞ்சும் தத்துக்கிளி

செங்கல்பட்டில் எங்கள் கடைக்குப் பலகை எழுதியபோது, ‘ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன்’ என்று எழுதி முடித்த பிறகும் கீழே ஒரு வரிக்கு இடம் மிஞ்சியது. வெறுமையாக விட்டால் நன்றாக இருக்காது என்றார் பெயின்டர். என் வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்து, ‘மொழிபெயர்ப்பும் செய்யப்படும்’ என்று எழுதச் சொல்லிவிட்டார். அந்த வரியை நம்பிப் பல வருடங்கள் யாரும் வரவில்லை. பிறகு ஒருவர் வந்தார்.

கையில் தடிமனான ஆங்கிலக் கட்டு வைத்திருந்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலுக்குள் மணலைக் கொட்டி ஒரு தீவு உண்டாக்கி, அதில் ஓட்டல் கட்ட அவருடைய கம்பெனி ஆசைப்பட்டது. கரையில் இருக்கிற மீனவர்களை அழைத்து விளக்கம் சொல்லக் கூட்டம் போடுகிறார்கள். அங்கே கொடுக்க இந்தக் கட்டு தமிழில் வேண்டும். வழக்கமாக எழுதுகிறவருக்குக் கண் ஆபரேஷனாம்.

“திங்கக்கெழம வேணும்” என்றார்.

“இன்னா சார் பெரிய வேல, ஞாயித்துக்கெழமயே ரெடி” என்றார் என் வீட்டுக்காரர். எழுதப் போவது அவரில்லை, நான்.

நான் தமிழ் எம்.ஏ. என் ஆங்கிலம் கேஸ் சிலிண்டர் ரசீது படிக்கிற அளவுக்குப் போதும். மற்றதற்கெல்லாம் அகராதிதான். முதல் பக்கத்திலேயே ‘ஹாப்பர்’ என்று ஒன்று வந்தது. அகராதி தத்துக்கிளி என்றது. கடலடியிலிருந்து மணலை உறிஞ்சும் கப்பலுக்கு அப்படிப் பெயர் உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்? ‘இழுத்து உறிஞ்சும் தத்துக்கிளி’ என்று எழுதினேன். கலங்கல் பரவாமல் தண்ணீரில் கட்டும் துணிக்கு ‘சில்ட் கர்ட்டன்’ என்று போட்டிருந்தார்கள். அது ‘சேற்று ஜன்னல் திரை’ ஆயிற்று. தீவுக்கு மணல் தோண்டி எடுக்கும் இடம் ஆங்கிலத்தில் ‘பாரோ ஏரியா’. பாரோ என்றால் இரவல் என்பது எனக்கே தெரியும். அகராதியைத் தொடாமல் ‘இரவல் வாங்கும் இடம்’ என்று எழுதிவிட்டு, இந்த ஒன்றாவது சரியாக வந்ததே என்று டீ போட்டுக் குடித்தேன்.

கூட்டத்தன்று பிரதிகள் போதவில்லை என்று போன் வந்தது. இன்னும் நாற்பது எடுத்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். முந்தின நாள் வளைகாப்பு நடந்திருக்க வேண்டும். மேடையில் பெரிய தெர்மகோல் தொட்டில் ஒன்று நின்றது. அதற்கு முன்னால், கடைக்கு வந்தவரின் மேலதிகாரியான கம்பெனிக்காரரும் ஒரு இளம் இன்ஜினியரும் உட்கார்ந்திருந்தார்கள். பிரதிகளைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். போண்டா தருவார்கள் என்று பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு மீனவர் எழுந்தார். “சார், மூணாம் பக்கம். தத்துக்கிளின்னு போட்டுக்கீது. வயல்ல கீறத கடல்ல இன்னாத்துக்கு சார் வுடுறீங்கோ?”

இன்ஜினியர் தமிழ்ப் பிரதியை அப்போதுதான் முதல்முறையாகத் திறந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. “அது கப்பலுங்க” என்றார்.

“கப்பல்னு எழுதறதுக்கு இன்னா?”

நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அடுத்து வயதான ஒருவர். “கடலுக்குள்ள ஜன்னல் ஸ்க்ரீன் தொங்கவுடுவோம்னு கீது. ஜன்னலு எங்க கீது?”

மண்டபம் சிரித்து ஓய்கிறவரை இன்ஜினியர் பொறுமையாக நின்றார். மணல் தோண்டும்போது எழும் கலங்கல் மீன்களின் செவுளை அடைத்துவிடும், அதைத் தடுக்கத்தான் துணி என்று விளக்கினார்.

“எங்க வலையே அந்த நீரோட்டத்துல நிக்கமாட்டேங்குது. உங்க துணி நிக்குமா?”

அவர் அதற்குப் பதில் சொல்வதற்குள், மீன் விற்கும் அம்மா ஒருவர் கூடையைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு எழுந்தார். “நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் தம்பி. மண்ண எரவல் வாங்குறோம்னு பக்கத்துக்குப் பக்கம் போட்டுக்கீறீங்கோ. எப்ப திருப்பித் தருவீங்கோ?”

கம்பெனிக்காரர் மைக்கைப் பிடுங்கினார். “அது தப்பா எழுதிட்டாங்கம்மா. எரவல் இல்ல. எடுக்குறதுதான். திருப்பித் தர மாட்டோம்.”

சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று அவருக்கே புரிந்திருக்கும். நிலைமையைச் சமாளிக்க இன்ஜினியர், “பள்ளம் தானா மூடிக்கும்மா” என்றார்.

“எந்த மண்ணால?”

“பக்கத்துக் கரையிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா வரும்.”

“பக்கத்துக் கரைன்னா?”

பாவம், பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. மண்டபத்து ஜன்னல் வழியாகப் படகுகள் நின்ற மணலைத் திரும்பிப் பார்த்தார். அவரோடு சேர்ந்து நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

“ஏற்கெனவே பாதிக் கரைய அலை எடுத்துகினு போச்சு. மீதி இதான்” என்றார் அந்த அம்மா. “எறா மேயுறதும் நீ தோண்டப்போற மண்ணுலதான்.”

அதன்பின் விளக்கம் எதுவும் எடுபடவில்லை. கம்பெனிக்காரர், யார் எழுதியது இது என்று பிரதியைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் எங்கள் கடைப் பெயரையும் போன் நம்பரையும் பெரிய எழுத்தில் போட்டிருந்தார் என் வீட்டுக்காரர். வேறு வழியில்லாமல் எழுந்து நின்றேன்.

“நான்தாங்க. டிக்‌ஷனரி பாத்துதான் எழுதினேன்.”

மீன்கார அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, “ஒக்காரும்மா, நல்லாத்தான் எழுதிக்கீற” என்றார். வெட்கத்தில் போண்டாகூடச் சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் இன்ஜினியர் தனியாகக் கடைக்கு வந்தார். இருவரும் உட்கார்ந்து திருத்தினோம். தத்துக்கிளி கப்பலாயிற்று, ஜன்னல் திரை தடுப்புத் துணியாயிற்று. ‘மணல் எடுக்கும் இடம் இயற்கையாகவே நிரம்பும்’ என்ற வரிக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்தார்.

“இதுல ‘கரை மணலால்’னு ஒரு வார்த்த சேக்கலாமாங்க?”

“சேத்தா உங்களுக்குப் பிரச்சின வராதா?”

“வரும்” என்றார். “ஆனா கேட்டுட்டாங்களே.”

சேர்த்தோம். அந்தப் பிரதியை வாங்க யாரும் வரவில்லை. இரண்டாவது கூட்டமும் நடக்கவில்லை. திட்டத்தைக் கைவிட்டார்களா, வேறு ஊர்க் கரைக்குப் போய்விட்டார்களா, எனக்குத் தெரியாது.

மழைக்காலம் முடிந்த சமயம், மீன்கார அம்மா இன்னும் இரண்டு பேரோடு கடைக்கு வந்தார். வடக்கே அலையைத் தடுக்கக் கடலில் கல் கொட்டியதிலிருந்து தங்கள் கரை கரைந்துகொண்டே போகிறது, கலெக்டருக்கு மனு எழுத வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இதுக்கு வேற அர்த்தம் ஒண்ணும் இல்லியே?” என்று விசாரித்தார். இல்லை என்று சொன்னேன். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். என் வீட்டுக்காரர் மூன்று காப்பி எடுத்து, ஒன்றைக் கேட்காமலேயே லேமினேஷன் போட்டுக் கொடுத்தார்.